தெருவோரத்தில் கொட்டுகிற பிளீச்சிங் பவுடரைத் தண்ணீர்த் தொட்டிக்குக் கொண்டு போங்கள்

மதிப்பிற்குரிய நகராட்சி, பேரூராட்சி அலுவலர்களுக்கும், ஊராட்சி மன்றத் தலைவர்களுக்கும், தலைவர் இல்லாத ஊர்களில் பொறுப்பில் இருக்கும் தனி அலுவலர்களுக்கும்,

வணக்கம். சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது எனக்கு எந்தப் பதவியும் இல்லை, யாரிடமும் எதுவும் எதிர்பார்க்கவில்லை, அதனால் மனதில் இருப்பதை நேராகவே எழுதுகிறேன்.

அமைச்சர் வருகிறார், தேர் ஓடப்போகிறது, அல்லது நாலு பேருக்கு வயிற்றுப்போக்கு என்று பேப்பரில் வந்துவிட்டது, இந்த மூன்றில் எது நடந்தாலும் மறுநாள் விடியும்போது ரோட்டின் இரண்டு ஓரமும் வெள்ளைக் கோடு விழுந்திருக்கிறது. பார்க்கிறவர்களுக்கும் ஒரு நிம்மதி, வேலை நடக்கிறது என்று. ஆனால் அந்தப் பவுடர் அங்கே யாருடைய நோயையும் தடுப்பதில்லை. பிளீச்சிங் பவுடர் வேலை செய்ய வேண்டுமென்றால் அது தண்ணீரில் கரைய வேண்டும், கரைந்து குளோரின் வெளியே வர வேண்டும், அந்தக் குளோரின் கிருமியோடு சேர்ந்து கொஞ்ச நேரம் இருக்க வேண்டும். காய்ந்த மண்ணில் தூவினால் இதில் ஒன்றும் நடக்காது. மண்ணிலும் குப்பையிலும் சாணியிலும் இருக்கிற கழிவுப் பொருளே குளோரினைத் தின்றுவிடும், மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். மதியத்துக்குள் அங்கே கிடப்பது வெறும் சுண்ணாம்பு. அதுவும் பைக் போகும்போது கிளம்பி, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆஸ்துமாக்காரரின் மூக்கில் ஏறும்.

கொரோனா சமயத்தில் இதை நாம் இன்னும் பெரிதாகச் செய்து பார்த்தோம். தீயணைப்பு வண்டியில் ஹைப்போகுளோரைட் என்கிற குளோரின் மருந்தை நிரப்பித் தெருத்தெருவாக அடித்தோம், மஞ்சளும் வேப்பிலையும் கரைத்து ஊற்றினோம். 2020 ஏப்ரல் முதல் தேதி திருப்பூர் தென்னம்பாளையம் சந்தையில், உள்ளே நடந்து போகிறவர்கள் மேல் மருந்து தெளிக்கிற கிருமிநாசினிச் சுரங்கம் வைத்தார்கள், உடனே மற்ற ஊர்களும் அதைப் பார்த்து வைக்க ஆரம்பித்தன. அந்த மாதம் முடிவதற்குள்ளேயே மனிதர்கள் மேல் கிருமிநாசினி தெளிக்கக்கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் சொல்லிவிட்டது. மே மாதம் உலக சுகாதார நிறுவனம், தெருவில் தெளிப்பதே பயனில்லாத வேலை, அழுக்கும் தூசியும் மருந்தைச் செயலிழக்கச் செய்துவிடும், தெளிக்கிற புகை மனிதர்களுக்குத்தான் கெடுதல் என்று எழுத்தில் கொடுத்தது. நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அந்தச் சுரங்கங்களைத் தடை செய்யும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. இத்தனைக்குப் பிறகும் வெள்ளைக் கோடு மட்டும் நிற்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

அந்தப் பவுடருக்கு என்ன வேலை இருக்கிறது என்று பாருங்கள். நல்ல பவுடரில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 33 சதவீதம் வரை குளோரின் இருக்கும். குடிநீருக்கு 1000 லிட்டருக்கு 4 கிராம் என்று நாங்கள் கணக்குப் போடுவோம். 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி ஒன்றை நிரப்பினால் அதற்கு 120 கிராம் போதும், இரண்டு கை அள்ளினால் வந்துவிடும். ஒரு மூட்டை 25 கிலோ. அந்த ஒரு மூட்டையில் அந்தத் தொட்டியை 200 தடவைக்கு மேல் கிருமி நீக்கம் செய்யலாம். அதை ஒரே காலையில் கோயில் வாசலிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தூவிவிட்டு, அடுத்த வாரம் டேங்க் ஆபரேட்டர் வந்து கேட்டால் ஸ்டாக் இல்லை என்று சொல்கிற ஊர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம், எல்லா வட்டாரத்திலும் இருக்கிறது.

ஸ்டாக் இருந்தாலும் அது எப்படி இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. மூட்டையைப் பிரித்து வாயைக் கட்டாமல், மழைச்சாரல் அடிக்கிற பம்ப் ரூமில், மோட்டார் சூட்டுக்குப் பக்கத்தில் போட்டு வைத்தால் குளோரின் நாளுக்கு நாள் பறந்துகொண்டே இருக்கும். கொஞ்ச மாதத்தில் அது கட்டிதட்டிப்போன சுண்ணாம்பாகிவிடும், ஆனால் பதிவேட்டில் அதே கிராம் கணக்குதான் எழுதப்படும். அதனால் மொத்தமாக வாங்கிக் குவிக்க வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி, மூடி இருக்கிற பிளாஸ்டிக் டிரம்மில், இருட்டான காய்ந்த இடத்தில் வையுங்கள், வாங்கிய தேதியை டிரம் மேலேயே எழுதச் சொல்லுங்கள். மூடியைத் திறந்ததும் நெடி மூக்கில் ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் சப்ளை செய்தவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

அப்புறம் போடுகிற முறை. பல இடத்தில் தொட்டி மேலே ஏறி மூடியைத் திறந்து பவுடரை அப்படியே கொட்டிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். சில இடத்தில் பொட்டலமாகக் கட்டி உள்ளே போட்டுவிடுகிறார்கள். ஒரு பக்கம் சுண்ணாம்பு அடியில் படியும், இன்னொரு பக்கம் தண்ணீரில் குளோரினே கலந்திருக்காது, முதலில் குழாய் திறக்கும் வீட்டுக்கு நெடி தாங்காது. அந்த வீட்டுக்காரர் வந்து சண்டை போட்டதும் ஆபரேட்டர் பயந்துபோய் மறுநாளிலிருந்து அளவைக் குறைத்துவிடுவார் அல்லது போடுவதையே விட்டுவிடுவார். சரியான முறை ஒன்றும் கஷ்டமில்லை. ஒரு பிளாஸ்டிக் வாளியில் பவுடரைப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு இட்லி மாவு பதத்துக்குக் கட்டியில்லாமல் கரைக்க வேண்டும். பிறகு வாளியில் முக்கால் அளவுக்குத் தண்ணீர் ஊற்றிக் கலக்கிவிட்டு, அஞ்சு பத்து நிமிஷம் அசையாமல் வைக்க வேண்டும். சுண்ணாம்பு அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரை மட்டும் இன்னொரு வாளிக்கு மாற்றி, மோட்டார் ஓடித் தொட்டி நிரம்பிக்கொண்டிருக்கும்போதே ஊற்ற வேண்டும், அப்போதுதான் தண்ணீர் விழுகிற வேகத்தில் முழுக்கக் கலக்கும். ஒரு வாளிக்கு 100 கிராமுக்கு மேல் வேண்டாம், அதிகம் தேவையென்றால் இரண்டாவது வாளியில் கரைக்கட்டும். ஊற்றிய பிறகு குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்து வால்வைத் திறக்க வேண்டும்.

அந்த அரை மணி நேரம்தான் நம் ஊரில் கிடைப்பதில்லை. கரண்டு வரும்போது மோட்டாரைப் போட வேண்டும், அதே நேரம் குடத்தை வரிசையில் வைத்துக்கொண்டு தெருவில் ஜனம் நிற்கும், ஸ்கூலுக்கும் வேலைக்கும் நேரமாகிவிட்டது என்று போன் மேல் போன் வரும், ஆபரேட்டர் பாவம் என்ன செய்வார், திறந்துவிடுகிறார். இரண்டு மூன்று தொட்டியை ஒரே ஆள் பார்க்கிற ஊர்களும் இருக்கின்றன, கொடுக்கிற சம்பளமும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. அவரைத் திட்டி எந்தப் பயனும் இல்லை. முந்தின நாள் சாயங்காலமே தொட்டியை நிரப்பிக் குளோரின் போட்டு வைத்துவிட்டால் காலையில் வால்வை மட்டும் திறந்தால் போதும். மோட்டார் ஓடும் நேரத்தை மாற்றுவது உங்கள் கையில்தான் இருக்கிறது, ஆபரேட்டர் கையில் இல்லை.

ஊராட்சிகளில் மாதத்தில் 5ஆம் தேதியும் 20ஆம் தேதியும் தொட்டி கழுவ வேண்டும், கழுவிய தேதியைத் தொட்டியில் எழுத வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். பெயின்டில் எழுதின தேதி மட்டும் மாறிக்கொண்டே போகிற தொட்டிகளும் உண்டு. அதைக் கண்டுபிடிக்க மேலே ஏற வேண்டியதில்லை. குழாயில் வரும் முதல் தண்ணீரை ஒரு வெள்ளைத் துணியில் வடிகட்டினால் தெரிந்துவிடும்.

குளோரின் இருக்கிறதா இல்லையா என்பதற்கும் ஊகம் தேவையில்லை. குளோரோஸ்கோப் என்று கைக்கு அடக்கமான பெட்டி உங்கள் அலுவலகத்திலேயே எங்காவது கிடக்கும். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வரும், பக்கத்தில் இருக்கிற நிறத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அளவு தெரியும். புதிதாக வருகிற கிட்டில் ரோஸ் நிறம் வரும், அது இன்னும் நம்பகமானது. இந்தியத் தர நிர்ணயப்படி குழாயில் வரும் குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும், வைரஸ் நோய் பயம் இருக்கிற காலத்தில் 0.5. நிறமே வரவில்லையென்றால் அந்தத் தண்ணீருக்குப் பாதுகாப்பு இல்லை, அவ்வளவுதான். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் பரிசோதிக்கப் பயிற்சி கொடுக்கும் ஏற்பாடே இருக்கிறது. உங்கள் ஊரில் அவர்கள் யார் என்று ஒருமுறை விசாரியுங்கள், கிட்டை அவர்கள் கையில் கொடுங்கள்.

எங்கே பார்ப்பது என்பதுதான் முக்கியம். தொட்டிக்குக் கீழே இருக்கிற முதல் குழாயில் பார்த்துவிட்டு பதிவேட்டில் எழுதுவது வழக்கமாகிவிட்டது. அங்கே எப்போதும் குளோரின் இருக்கும். பைப்பில் போகப் போக அது குறையும், ஓட்டை வழியாக அழுக்கு உள்ளே வந்தால் இன்னும் வேகமாகக் குறையும், கடைசிக் குழாயில் ஒன்றுமே இல்லாமல் போகும். நம் ஊர்களில் அந்தக் கடைசிக் குழாய் எங்கே இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெரும்பாலும் காலனியில் இருக்கிறது. அழுத்தம் குறைவாக இருப்பதால் அங்கே குழாயை உயரத்தில் வைத்தால் தண்ணீர் ஏறாது, குழி தோண்டி அதற்குள் இறங்கிப் பிடிக்கிறார்கள், மழை பெய்தால் அந்தக் குழியில் சாக்கடை நிற்கும், தண்ணீர் நின்றதும் காலிப் பைப் அதையே உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுநாள் காலையில் அதுதான் முதல் குடத்தில் வருகிறது. வயிற்றுப்போக்கு வந்தால் அந்தத் தெருவில் ஆரம்பிப்பதற்குக் காரணம் அந்த ஜனங்களின் பழக்கவழக்கம் என்று பேசுகிறவர்களை நான் நிறைய கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சு தப்பு. அவர்களுக்கு வந்து சேருகிற தண்ணீர் அப்படி இருக்கிறது.

2022 ஜூலையில் காரைக்காலில் வயிற்றுப்போக்கும் காலராவும் பரவி, பொதுச் சுகாதார நெருக்கடி என்று புதுச்சேரி அரசு அறிவித்தது, பள்ளி கல்லூரிகளை மூடினார்கள். காலரா என்றால் பழைய காலத்து நோய் என்று நினைத்துக்கொண்டிருக்கிற நம்மைப் போன்ற ஊர் அது, ஆஸ்பத்திரி இல்லாத காடு ஒன்றும் இல்லை. குடிநீர்க் குழாயில் கழிவுநீர் கலந்தால் எந்த ஊருக்கும் அது வரும். ஆகவே தெருவோரம் தூவுகிற கூலியையும் பவுடரையும் பைப் ஓட்டை அடைப்பதற்கும், குழிக்குள் இருக்கிற குழாயை மேலே தூக்கி மேடை கட்டுவதற்கும் திருப்பிவிடுங்கள் என்று கேட்கிறேன்.

அடுத்து கை.

இதே பிளீச்சிங் பவுடரை வைத்துக்கொண்டு ஒரு டாக்டர் என்ன செய்தார் என்பதைச் சொல்ல வேண்டும். வியன்னா பொது மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்பவர் 1847இல் பிரசவ வார்டில் வேலை பார்த்தார். டாக்டர்களும் மாணவர்களும் பிரசவம் பார்த்த வார்டில் தாய்மார்கள் ஜன்னி கண்டு கொத்துக்கொத்தாக இறந்தார்கள், மருத்துவச்சிகள் பார்த்த பக்கத்து வார்டில் அவ்வளவு சாவு இல்லை. டாக்டர்கள் பிணப் பரிசோதனை செய்துவிட்டு அதே கையோடு பிரசவம் பார்க்க வருகிறார்கள் என்பதை அவர் பிடித்துவிட்டார். குளோரின் கலந்த சுண்ணாம்புத் தண்ணீரில் கையைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று மே மாதம் உத்தரவு போட்டார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டு பேர் இறந்துகொண்டிருந்த வார்டில் ஜூன் மாதம் அது இரண்டு பேர் என்ற அளவுக்கு இறங்கியது. கிருமியால் நோய் வருகிறது என்பதே இன்னும் நிரூபணமாகாத காலம் அது. அவர் அந்தத் தண்ணீரைத் தரையில் தெளிக்கவில்லை, வாசலில் கோடு போடவில்லை, நோய் எந்த வழியாகப் போகிறதோ அந்த வழியில், டாக்டரின் விரல் நகத்தில் கொண்டுபோய் வைத்தார். கூட வேலை பார்த்தவர்களே அவரை ஏற்றுக்கொள்ளவில்லை, 1865இல் மனநல விடுதியில் இறந்துபோனார் என்பது தனிக் கதை, படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

இன்றைக்கு நமக்கு கை கழுவக் குளோரின் தேவையில்லை, சாதாரணச் சோப்பு போதும். சோப்பு போட்டுக் கை கழுவும் பழக்கத்தை ஏற்படுத்தினால் வயிற்றுப்போக்கு சுமார் 30 சதவீதம் குறைகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்ன கணக்கு. அப்படியிருக்க உங்கள் பொறுப்பில் இருக்கிற தொடக்கப் பள்ளி, அங்கன்வாடி, ஆரம்பச் சுகாதார நிலையம், பொதுக் கழிப்பறை ஆகியவற்றில் இன்று மதியம் எத்தனை இடத்தில் சோப்பு இருக்கிறது என்று ஒரு நடை போய்ப் பாருங்கள். காலை உணவும் மதிய உணவும் பிள்ளைகள் பள்ளியிலேயே சாப்பிடுகிறார்கள், நல்ல திட்டம், ஆனால் கை கழுவுகிற இடத்தில் குழாய் வரிசையாக இருக்கும், சுவரில் கை கழுவும் படம் அழகாக வரைந்திருக்கும், சோப்பு ஹெட்மாஸ்டர் பீரோவில் இருக்கும். ஏன் என்று கேட்டால் பிள்ளைகள் தண்ணீரில் ஊறப்போட்டுவிடுகிறார்கள், இல்லையென்றால் காக்கா தூக்கிக்கொண்டு போய்விடுகிறது என்பார்கள். இரண்டும் உண்மைதான். அதற்காகச் சோப்பைப் பூட்டி வைக்கலாமா? பூண்டு வருகிற வலைப்பையில் சோப்பைப் போட்டுக் குழாயிலேயே இறுக்கிக் கட்டுங்கள், பிள்ளைகள் வலையோடு தேய்த்துக்கொள்வார்கள், நுரை நன்றாகவே வரும். அல்லது தண்ணீர் பாட்டிலில் கொஞ்சம் சோப்புத் தூளைக் கரைத்து மூடியில் ஓட்டை போட்டுத் தொங்கவிடுங்கள், காக்காவுக்கும் வேலை இல்லை. மாதம் முழுக்க ஒரு பள்ளிக்கு ஆகிற செலவு, ஒரு தெருவுக்குப் பவுடர் தூவுகிற செலவை விட நிச்சயம் குறைவு. சானிடைசர் வாங்கித் தருகிறோம் என்று யாராவது நன்கொடையாளர் வந்தால் சோப்பாகக் கேளுங்கள், கையில் மண்ணும் எண்ணெயும் இருந்தால் சானிடைசர் சரியாக வேலை செய்யாது, வாந்தி பேதி பரப்புகிற நோரோ வைரஸ் அதற்கு அவ்வளவு அடங்குவதும் இல்லை.

இந்த வேலையெல்லாம் செய்கிற தூய்மைப் பணியாளர்களைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனசு வரவில்லை. பவுடரை வெறுங்கையால் அள்ளி, சேலைத் தலைப்பை மூக்கில் சுற்றிக்கொண்டு தூவுகிற அம்மாக்களை எத்தனை பேர் பார்த்துக்கொண்டே போகிறோம். ஈரக் கையில் பட்டால் தோல் வெந்துபோகும், கண்ணில் விழுந்தால் பார்வைக்கே ஆபத்து, நெஞ்சில் இறங்கினால் ராத்திரி முழுக்க இருமல். வருடத்துக்கு ஒரு கையுறை கொடுத்துவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவது பாதுகாப்பு ஆகாது. இன்னொரு விஷயம் இதைவிட அவசரமானது. பொதுக் கழிப்பறையில் கறை போகவில்லை என்று முதலில் ஆசிட் ஊற்றி, அது காயும் முன்னாலேயே பிளீச்சிங் பவுடரையும் போட்டுத் தேய்க்கிறார்கள், சில இடத்தில் மேஸ்திரியே அப்படிச் செய்யச் சொல்கிறார். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத கழிப்பறைக்குள் அது ஆளைச் சாய்த்துவிடும். பிளீச்சிங் பவுடரும் ஆசிடும் ஒன்றாகச் சேரக் கூடாது என்று படம் போட்டு ஒவ்வொரு கழிப்பறைச் சாமான் அறையிலும் ஒட்டுங்கள், முடிந்தால் ஆசிட் கொடுப்பதையே நிறுத்துங்கள்.

எப்படித் துடைப்பது என்றும் அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. அழுக்கு மேலேயே மருந்தை ஊற்றினால் மருந்து வீண். முதலில் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும், பிறகு குளோரின் கரைசல் ஊற்றிப் பத்து நிமிஷம் விட வேண்டும், அப்புறம் தண்ணீர். நல்ல பவுடர் 30 கிராமை ஒரு லிட்டரில் கரைத்தால் 1 சதவீதக் கரைசல், அன்றைக்குக் கரைத்தது அன்றைக்கே. தரையை விட முக்கியம் தாழ்ப்பாள், குழாய்த் திருகு, மக், சுவிட்ச். எல்லார் கையும் படுகிற இடம் அவைதான். பினாயில் வாசனை வந்தால் சுத்தமாகிவிட்டது என்ற நம்பிக்கையை மேலதிகாரிகளும் விட வேண்டும், மூக்கை வைத்து ஆய்வு செய்தால் ஊழியர்கள் மூக்குக்குத்தான் வேலை செய்வார்கள்.

பவுடரை வெளியே எங்கேயுமே பயன்படுத்தக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வெள்ளம் வடிந்த பிறகு மூழ்கிய கிணறு, சம்ப், கைப்பம்பு எல்லாவற்றிலும் சேற்றை இறைத்துவிட்டு அதிக அளவில் குளோரின் போட்டே ஆக வேண்டும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, நெல்லைப் பக்கம் நடந்தது போன்ற வெள்ளத்தில் அதுதான் உயிரைக் காக்கிற வேலை. பேதியானவர் வீட்டில் அவருடைய கழிவின் மேல் கரைசல் ஊற்றி ஒரு மணி நேரம் விடுவதும் சரியான வேலை. மலம் கலந்த தண்ணீர் தெருவில் தேங்கியிருந்தால் அதை வடித்துக் கழுவிவிட்டுக் கரைசல் ஊற்றலாம். இதற்கெல்லாம் பவுடர் வேண்டும், அதனால்தான் சும்மா கொட்டித் தீர்க்க வேண்டாம் என்கிறேன்.

கடைசியாக நான் கேட்பது இது. உங்கள் அலுவலக வாசலில் ஒரு கரும்பலகை வையுங்கள். தினமும் காலையில் ஊரின் கடைசிக் குழாயில் குளோரின் எவ்வளவு என்று பார்த்து, தெருவின் பெயரோடு அதில் எழுதச் சொல்லுங்கள். பூஜ்யம் வந்தால் பூஜ்யம் என்றே எழுதட்டும், அதற்காக ஆபரேட்டருக்கு மெமோ கொடுக்காதீர்கள், ஏன் வந்தது என்று அந்தத் தெருவுக்குப் போய்ப் பைப்பைப் பாருங்கள். அடுத்த முறை யாராவது பெரியவர்கள் வருகிறார்கள் என்று பவுடர் மூட்டையை வெளியே எடுக்கச் சொன்னால் அந்தப் பலகையை அவர்களுக்குக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளர் ஒருவர்